கோட்டுக்கு வெளியே: டோக்கியோ முதல் நாகசாகி வரை

2024 நவம்பர் 16, சனி. டோக்கியோ

டோக்கியோவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு ஷின்கிபா நிலையத்தில் இறங்க எந்தக் காரணமும் இல்லை. மரக்கிடங்குகள், லாரிகள், நெடுஞ்சாலைப் பாலம், அதைத் தாண்டினால் ஒரு பூங்கா. நகரத்துக் குப்பையைக் கடலில் கொட்டிக் கொட்டி நிரப்பிய தீவு இது. பெயர் யுமெனோஷிமா. மகள் இந்த ஊரில்தான் வேலை பார்க்கிறாள். "அப்பா, எல்லாரும் ஃபூஜி மலை பார்க்கக் கேட்பார்கள், நீங்கள் குப்பை மேட்டுக்கு வழி கேட்கிறீர்கள்" என்று அலுத்துக்கொண்டே உடன் வந்தாள்.

இங்கே ஒரு மரப்படகு இருக்கிறது. 140 டன் கொள்ளளவுள்ள டூனா மீன்பிடிப் படகு, ஐந்தாம் ஃபுகுர்யூ மாரு. 1947-ல் கட்டியது. அதற்கென்றே எழுப்பிய கூரைக்கு அடியில், அடிப்பாகம் முழுவதும் தெரியும்படி நிறுத்தியிருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. சனிக்கிழமை பிற்பகலிலும் எங்களைத் தவிர ஒரு பள்ளிக் கூட்டம் மட்டுமே இருந்தது.

1954 மார்ச் 1 விடியும் முன் இந்தப் படகில் 23 பேர் இருந்தார்கள். பசிபிக் பெருங்கடலில் பிகினி தீவுக்குக் கிழக்கே சுமார் 160 கிலோமீட்டரில் தூண்டில் வேலை. மேற்கு வானம் வெளுத்தது. சூரியன் திசை மாறி உதிக்கிறதா என்று வியந்தார்களாம். சில நிமிடங்கள் கழித்து முழக்கம், சில மணி நேரம் கழித்து வெள்ளைத் தூள். பவளப்பாறை சுட்டுப் பொடியாகி, கதிரியக்கம் ஏறி, மேலே போய்த் திரும்பி விழுந்த தூள் அது. தலையிலும் கழுத்திலும் படிந்ததைத் துடைத்துவிட்டுத் தூண்டில் கயிற்றை இழுத்தார்கள். மார்ச் 14-ல் யாய்சு துறைமுகத்துக்கு வந்து சேர்வதற்குள் தோல் கறுத்து, முடி கொட்டத் தொடங்கியிருந்தது.

வெடித்தது அமெரிக்கா சோதித்த காசில் பிராவோ என்ற ஹைட்ரஜன் குண்டு. ஏறத்தாழ 6 மெகா டன் (60 லட்சம் டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம்) என்று கணக்குப் போட்டார்கள், 15 மெகா டன் வந்தது. கணக்கு ஏன் பொய்த்தது? எரிபொருளில் இருந்த லித்தியத்தில் இரண்டு வகை. லித்தியம்-6 வேலை செய்யும், லித்தியம்-7 சும்மா கிடக்கும் என்று நினைத்தார்கள். வேகமான நியூட்ரான்கள் பட்டதும் சும்மா கிடக்க வேண்டியதும் உடைந்து டிரிட்டியம் என்ற கனமான ஹைட்ரஜனைத் தந்தது, பிணைவு வினை பெருகிவிட்டது. ஹிரோஷிமாவைப் போல ஆயிரம் மடங்கு.

என்னை நிறுத்தியது சுவரில் தொங்கிய ஒரு கடல் வரைபடம். சோதனைக்கு முன் அமெரிக்கா கடலில் ஒரு செவ்வகம் வரைந்து, உள்ளே வராதீர்கள் என்று அறிவித்திருந்தது. படகு அந்தச் செவ்வகத்துக்கு வெளியே இருந்தது. விதியை மீறவில்லை. நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோடு போட்டவன் கோட்டை நம்பலாம், காற்று நம்புமா? வெடிப்புக்குப் பிறகு செவ்வகத்தைப் பல மடங்கு பெரிதாக்கினார்கள்.

கம்பியில்லாத் தந்தி இயக்கிய குபோயாமா ஐகிச்சி செப்டம்பர் 23-ல் இறந்தார். வயது 40. கல்லீரல் நோய் என்றது அமெரிக்கத் தரப்பு, கதிர்வீச்சு என்றார்கள் ஜப்பானிய மருத்துவர்கள். 1955 ஜனவரியில் 20 லட்சம் டாலர் கொடுத்து, அதற்கு இழப்பீடு என்று பெயர் வைக்காமல், விஷயத்தை முடித்துக்கொண்டார்கள். அந்த ஆண்டில் எண்ணூறுக்கும் மேற்பட்ட படகுகள் கதிரியக்கம் ஏறிய மீனைக் கொட்டியிருந்தன. அவற்றில் போனவர்களின் உடம்பை யாரும் பின்தொடரவில்லை. ஷிகோகு தீவின் கோச்சி மாவட்ட மீனவர்கள் (நம் கொச்சி அல்ல) 2016-ல் வழக்குப் போட்டுத் தோற்றார்கள்.

பிராவோவுக்கு ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 2-ல், நம் நாடாளுமன்றத்தில் நேரு சோதனைகளை நிறுத்திவைக்கச் சொன்னார். உலகத் தலைவர்களில் அப்படி முதலில் கேட்டவர் அவர்தான். இந்தச் செய்தியைப் பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு. கியோட்டோ

அதிவேக ரயிலான ஷின்கான்சென்னில் இரண்டேகால் மணி நேரம். கோயில், சிவந்த மேப்பிள் இலை, மனிதக் கூட்டம். மகளுக்கு அதுதான் வேண்டும். எனக்கு ரயில் அருங்காட்சியகம் வேண்டும். ஆளுக்குப் பாதி நாள் என்று உடன்படிக்கை.

உமேகோஜி என்ற இடத்தில் 1914-ல் கட்டிய ரயில் எஞ்சின் கொட்டகை இன்னும் நிற்கிறது. விசிறியைப் போல விரியும் கட்டடம், நடுவில் எஞ்சினைச் சுழற்றும் மேடை, இருபது வாயில்கள். குழந்தைகள் நீராவி எஞ்சின் இழுக்கும் பெட்டியில் ஏறி ஊதல் கேட்டுக் கத்துகிறார்கள். வானிலிருந்து பார்த்தால் இதைவிடத் தெளிவான அடையாளம் நகரத்தில் கிடையாது. அதனால்தான் 1945-ல் அமெரிக்க விமானப்படை தயாரித்த கியோட்டோ வரைபடத்தில், அணுகுண்டுக்காக வரைந்த ஒன்றரை மைல் ஆரமுள்ள வட்டத்தின் மையப்புள்ளி இந்தக் கொட்டகையின் மேல் விழுகிறது.

1945 மே 10, 11 தேதிகளில் லாஸ் அலமோஸ் அணுகுண்டு ஆய்வகத்தில், அதன் தலைவர் ஓப்பன்ஹைமரின் அலுவலகத்தில், எந்த நகரத்தில் குண்டு போடுவது என்று பேச இலக்குக் குழு கூடியது. கணிதமேதை வான் நோய்மன் குழுவில் ஒருவர். கூட்டக் குறிப்பு இன்று யாரும் படிக்கக் கிடைக்கிறது. நான் படித்ததிலேயே மிகச் சுத்தமான அலுவலக நடையில் எழுதிய ஆவணம் அது. மூன்று மைலுக்கு மேல் விட்டமுள்ள நகரப் பகுதி வேண்டும், வெடிப்பின் அழுத்தம் நன்றாக வேலை செய்ய வேண்டும், ஆகஸ்ட் வரை வேறு யாரும் குண்டு போட்டுக் கெடுத்திருக்கக் கூடாது. கியோட்டோ முதலிடம். படித்தவர்கள் நிறைந்த ஊர், ஆகவே இந்த ஆயுதத்தின் பொருளை நன்றாகப் புரிந்துகொள்வார்கள் என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். ஹிரோஷிமாவுக்கு வேறு காரணம்: சுற்றியுள்ள குன்றுகள் வெடிப்பைக் குவித்துச் சேதத்தைக் கூட்டும்.

கியோட்டோவைக் காப்பாற்றியவர் அமெரிக்கப் போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன். தேனிலவுக்கு அங்கே போயிருந்ததால் மனம் இளகினார் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அவருக்குத் திருமணம் நடந்தது 1893-ல், கியோட்டோவுக்கு அவர் வந்தது 1926-ல். முப்பத்து மூன்று ஆண்டு கழித்துத் தேனிலவு போகிறவரை நான் கண்டதில்லை. அவருடைய நாட்குறிப்பில் இருக்கும் காரணம் வேறு: பண்டைத் தலைநகரை அழித்தால் அந்தக் கசப்பு ஆறாது, போருக்குப் பின் ஜப்பானியர்கள் ரஷ்யப் பக்கம் சாய்வார்கள். அதிபர் ட்ரூமன் ஒப்புக்கொண்டார். அணுகுண்டுத் திட்டத்தை நடத்திய ராணுவத் தளபதி க்ரோவ்ஸ் கடைசிவரை கியோட்டோவை விட மனமில்லாமல் இருந்தார்.

பட்டியலில் ஓர் இடம் காலியானது. ஜூலை 24 தேதியிட்ட உத்தரவின் வரைவில் நாகசாகி என்ற பெயர் கையால் எழுதிச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

மகள் எஞ்சின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டாள். வட்டத்தைப் பற்றிச் சொன்னபோது, "இந்த ஊரில் சாப்பிட்டு முடிக்கும் வரை சொல்லாமல் இருந்திருக்கலாம்" என்றாள். மாலை ரயிலில் அவள் டோக்கியோ திரும்பிவிட்டாள். இனி நான் தனி.

நவம்பர் 18, திங்கள். ஹிரோஷிமா

குண்டில் சிதைந்தும் இடியாமல் நிற்கும் அணுகுண்டுக் குவிமாடத்தைப் பார்க்கும் முன் அதன் பின்புறச் சந்துக்குப் போனேன். சிறிய மருத்துவமனை, எதிரே வண்டி நிறுத்தம், சுவரோரம் ஒரு பலகை. 1945 ஆகஸ்ட் 6, காலை 8:15-க்கு இந்த ஷிமா மருத்துவமனைக்கு மேல் சுமார் 600 மீட்டரில் குண்டு வெடித்தது. குறி வைத்தது இதற்கல்ல, சுமார் 250 மீட்டர் தள்ளி, ஆங்கில டி எழுத்தைப் போல் கிளை பிரியும் ஐயோய் பாலத்துக்கு. மருத்துவர் ஷிமா அன்று வேறோர் ஊருக்கு அறுவைச் சிகிச்சை செய்யப் போயிருந்தார். உள்ளே இருந்த நோயாளிகளும் செவிலியர்களும் யாரும் மிஞ்சவில்லை. மருத்துவமனை அதே இடத்தில் மீண்டும் எழுந்து, இன்றும் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து தருகிறது.

குண்டின் இயக்கம் கேட்க எளிது. பீரங்கிக் குழாய் ஒன்றின் ஒரு முனையில் யுரேனியத் துண்டு, மறுமுனையில் அதற்கேற்ற இன்னொரு பகுதி. வெடிமருந்தால் ஒன்றை மற்றொன்றின் மேல் சுட்டால் இரண்டும் சேர்ந்து, தானாகத் தொடரும் அளவைத் தாண்டும். ஒரு நியூட்ரான் ஓர் அணுவைப் பிளக்க, அது மேலும் இரண்டு மூன்று நியூட்ரான்களை வெளியேற்ற, கண் இமைக்கும் நேரத்தில் பல கோடி கோடி பிளவுகள். கடினம் குழாயில் இல்லை, யுரேனியத்தில் இருந்தது. இயற்கை யுரேனியத்தில் பிளவுக்கு உதவும் 235 வகை 0.7 விழுக்காடுதான். அதைப் பிரித்தெடுக்கவே டென்னசியில் ஒரு நகரத்தைக் கட்டினார்கள். குண்டில் 64 கிலோ யுரேனியம். பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. ஆற்றலாக மாறிய நிறை ஒரு கிராமைக்கூட எட்டவில்லை. அது சுமார் 15 கிலோ டன் டிஎன்டிக்குச் சமம். இது வேலை செய்யும் என்று அவ்வளவு உறுதியாக இருந்ததால் முன்கூட்டிச் சோதித்துப் பார்க்கவே இல்லை.

அருங்காட்சியகத்தில் இன்று பெருங்கூட்டம். போன மாதம் குண்டிலிருந்து தப்பியவர்களின் அமைப்பான நிஹோன் ஹிடன்கியோவுக்கு நோபல் அமைதிப் பரிசு அறிவித்ததிலிருந்து இப்படித்தான் என்றார் நுழைவாயிலில் நின்ற தன்னார்வலர். டிக்கெட்டுக்கு 200 யென் வாங்கினார்கள். உள்ளே வங்கிப் படிக்கட்டில் பதிந்த மனித நிழல், மூன்று வயதுச் சிறுவனின் துருப்பிடித்த மூன்று சக்கர வண்டி. இவற்றைப் பற்றி உலகம் நிறைய எழுதிவிட்டது, நான் வேறொன்றைச் சொல்கிறேன்.

பள்ளிச் சீருடைகள் இருக்கும் பகுதியில்தான் நெடுநேரம் நின்றேன். எரிந்து கந்தலான, அம்மாக்கள் கையால் தைத்த சிறிய சட்டைகள். பெயரும் வயதும் எழுதியிருக்கின்றன: 12, 13, 13, 12. அன்று காலை நகரத்தில் சுமார் 8,000 மாணவர்கள் வீடுகளை இடித்து வெட்டவெளி ஆக்கிக்கொண்டிருந்தார்கள். மற்ற நகரங்களில் தீக்குண்டு விழுந்து ஊரே எரிந்ததால், இங்கே தீ பரவாமல் தடுக்க அகலமான இடைவெளி வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அவர்களில் சுமார் 6,000 பேர் இறந்தார்கள்.

நேற்றுப் படித்த கூட்டக் குறிப்பு இங்கே நினைவுக்கு வராமல் இருக்குமா? தீக்குண்டு இந்த ஊரில் விழவே போவதில்லை. புது ஆயுதத்தின் சேதத்தைத் துல்லியமாக அளக்க வேண்டும் என்பதற்காகவே நகரத்தைத் தொடாமல் வைத்திருந்தார்கள். ஏன் நம் ஊருக்கு மட்டும் குண்டு வரவில்லை என்று மக்கள் வியந்து ஏதேதோ காரணம் பேசிக்கொண்டார்கள். வராத தீக்காக வெயிலில் திறந்தவெளியில் நின்ற பிள்ளைகள் அவர்கள். கூரைக்குக் கீழே இருந்திருந்தால் சிலராவது பிழைத்திருப்பார்கள்.

ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000 என்பது நகரத்தின் மதிப்பீடு. பூங்காவின் ஓரத்தில் புல் மூடிய மேடு ஒன்று இருக்கிறது. அதன் கீழே அடையாளம் தெரியாத சுமார் 70,000 பேரின் சாம்பல். அங்கே கூட்டம் இல்லை.

ஆற்றங்கரையில் காந்தி மார்பளவுச் சிலையாக நிற்கிறார். 2023 மே மாதம் நம் பிரதமர் திறந்துவைத்தார். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. 1974-லும் 1998-லும் நாம் பாலைவனத்தில் என்ன செய்தோம் என்று தெரிந்த எவரும் இந்த இடத்தில் காந்தியை முன்னால் நிறுத்திப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது.

நவம்பர் 19, செவ்வாய். ஹிரோஷிமா

ஊருக்குக் கிழக்கே ஹிஜியாமா என்ற சிறு குன்று. அன்று தன் பின்னால் இருந்த தெருக்களை ஓரளவு மறைத்துக் காப்பாற்றியது. அதன் உச்சியில் அரைவட்டக் கூரை போட்ட பழைய கட்டடங்கள். அணுகுண்டுப் பாதிப்பு ஆணையம் என்று 1947-ல் அமெரிக்கர்கள் தொடங்கியது. 1975 முதல் இரு நாடுகளும் சேர்ந்து நடத்தும் கதிர்வீச்சு ஆய்வு நிறுவனம்.

இங்கே ஆய்வு நடந்தது, மருத்துவம் நடக்கவில்லை. தப்பியவர்களைக் காரில் ஏற்றி வந்து, ஆடை களைந்து நிற்கச் சொல்லி, ரத்தம் எடுத்து, படம் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள் என்று அவர்களில் பலர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். 2017-ல் நிறுவனத்தின் தலைவர் வருத்தம் தெரிவித்தார்.

ஆனாலும் இந்தக் குன்றை வெறுமனே திட்டிவிட்டு இறங்க முடியவில்லை. சுமார் 1,20,000 பேரை வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்த ஆய்வு இது. ரத்தப் புற்றுநோய் முதல் சில ஆண்டுகளிலேயே ஏறி, ஐம்பதுகளின் தொடக்கத்தில் உச்சம் தொட்டது. மற்ற புற்றுநோய்கள் பல பத்தாண்டுகள் காத்திருந்து வந்தன. இதையெல்லாம் இங்கிருந்துதான் உலகம் கற்றது. நம் ஊர் எக்ஸ்ரே அறை ஊழியர் ஓராண்டில் எவ்வளவு கதிர்வீச்சு வாங்கலாம் என்ற வரம்புக்கும் இந்தக் குன்றின் கணக்கே அடிப்படை.

அந்தக் கணக்கு எப்படி வந்தது என்பது என் தொழிலுக்கு நெருக்கமான விஷயம். குண்டு வெடித்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய், எந்தச் சுவருக்குப் பின்னால், எந்தப் பக்கம் பார்த்தபடி என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு வரைபடத்தில் குறித்தார்கள். சுவர் எவ்வளவு தடுக்கும் என்று அறிய, 1962-ல் நெவாடா பாலைவனத்தில் 465 மீட்டர் உயரக் கோபுரம் எழுப்பி, அதில் ஒரு சிறிய அணு உலையைத் தொங்கவிட்டு, கீழே ஜப்பானிய பாணி வீடுகளைக் கட்டி அளந்தார்கள். எல்லாம் வெடிமையத்திலிருந்து எத்தனை மீட்டர் என்ற ஒரே எண்ணை நோக்கித்தான்.

அதே எண்தான் பிறகு சட்டத்துக்குள் புகுந்தது. 1957 முதல் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு ஒரு கையேடு தருகிறது. அது இருந்தால் மருத்துவச் செலவு இல்லை. அதை வைத்திருப்பவரே சட்டப்படி ஹிபாகுஷா. அன்று குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்திருக்க வேண்டும், அல்லது இரண்டு வாரத்துக்குள் மையத்திலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டருக்குள் நுழைந்திருக்க வேண்டும், அல்லது காயம்பட்டவர்களைப் பராமரித்திருக்க வேண்டும், அல்லது அப்படிப்பட்ட தாயின் வயிற்றில் இருந்திருக்க வேண்டும். 2024 மார்ச் நிலவரப்படி கையேடு வைத்திருப்பவர்கள் 1,06,825 பேர். சராசரி வயது 85-ஐத் தாண்டிவிட்டது.

மதியம் பூங்காவுக்கு மறுபடியும் போய்க் கொரியர்களின் நினைவுக்கல்லைத் தேடினேன். ஆமையின் முதுகில் நிற்கும் உயரமான கல். ஜப்பானின் ஆட்சிக்குக் கீழே கொரியா இருந்த காலத்தில் பிழைப்புக்காகவும், கட்டாய வேலைக்கு இழுத்துவரப்பட்டும் இங்கே இருந்தவர்களில் 20,000 பேர் இறந்ததாகக் கல் சொல்கிறது. 1970-ல் இதை நிறுவியபோது பூங்காவுக்கு வெளியே, ஆற்றின் அக்கரையில் வைத்தார்கள். உள்ளே வர 1999 ஆனது. கல்லுக்கே இப்படி என்றால் மனிதர்களுக்கு? ஊர் திரும்பிய கொரியர்களுக்கு, ஜப்பானை விட்டுப் போனால் உதவித்தொகை நிற்கும் என்று 1974-ல் சுகாதார அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஒருவர் பின் ஒருவராக நீதிமன்றம் ஏறி அதை உடைக்க 2003 ஆயிற்று. உடம்புக்குள் போன கதிர்வீச்சு கப்பல் ஏறினால் இறங்கிவிடும் என்று எந்த விஞ்ஞானி சொன்னார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

கறுப்பு மழை விவகாரம் இதைவிட விசித்திரம். வெடிப்புக்குப் பிறகு புகையும் புழுதியும் கலந்த மழை நகரத்தின் மேற்கிலும் வடமேற்கிலும் மலைக் கிராமங்கள் வரை பெய்தது. 1945 இறுதியில், உணவுக்கே வழியில்லாத காலத்தில், வானிலை ஆய்வாளர்கள் சிலர் கால்நடையாக ஊர் ஊராகப் போய் விசாரித்து, கனமழை பெய்த இடத்தை ஒரு நீள்வட்டமாக வரைந்தார்கள்: நீளம் 19 கிலோமீட்டர், அகலம் 11. அந்த நேரத்தில் அது பெரிய சாதனை. முப்பது ஆண்டு கழித்து, 1976-ல், அரசு அந்தப் பென்சில் கோட்டை அப்படியே எடுத்துச் சட்ட எல்லையாக்கியது. ஒரே ஊரின் நடுவே ஓடிய ஆறு எல்லையானது. இந்தக் கரையில் நனைந்தவருக்கு உதவி உண்டு, அந்தக் கரையில் நனைந்தவருக்கு இல்லை.

மேகத்துக்குப் புலப்படம் வரைய முடியாது என்று கடைநிலை சர்வேயருக்கும் தெரியும். நிலத்தில் கல் நட்டாலே பங்காளிகள் ஒப்புக்கொள்வதில்லை. 2015-ல் கிராமத்து முதியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2021 ஜூலை 14-ல் ஹிரோஷிமா உயர் நீதிமன்றம் 84 பேரையும் ஹிபாகுஷா என்று ஏற்றது. மழையில் நனைய வேண்டும் என்பதுகூட இல்லை, மழை விழுந்த கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, தோட்டத்துக் காய்கறியைத் தின்றிருந்தாலே உடம்புக்குள் கதிர்வீச்சு போயிருக்கலாம் என்றது தீர்ப்பு. அரசு மேல்முறையீடு செய்யவில்லை. ஆனால் இந்தச் சலுகை ஹிரோஷிமாவுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டது.

நவம்பர் 20, புதன். கொக்குரா

ஹிரோஷிமாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ரயில் கடலடிச் சுரங்கம் தாண்டி கியூஷூ தீவில் நுழைகிறது. முதல் நிறுத்தம் கொக்குரா. இரண்டு நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடும், யாரும் இந்த ஊருக்காக டிக்கெட் எடுப்பதாகத் தெரியவில்லை. கோட்டை, அதன் அருகே பூங்கா, நூலகம், மாநகராட்சிக் கட்டடம். இந்த இடம் முழுவதும் அன்று ராணுவத் தளவாடத் தொழிற்சாலை.

ஆகஸ்ட் 6-ல் ஹிரோஷிமா மேகமாக இருந்திருந்தால் மாற்று இலக்கு கொக்குரா. ஆகஸ்ட் 9-ல் முதல் இலக்கே கொக்குரா. ரேடாரை நம்பாதே, கண்ணால் பார்த்துப் போடு என்பது உத்தரவு. விமானம் மூன்று முறை வட்டமிட்டது, தொழிற்சாலை தெரியவில்லை. முந்தைய நாள் பக்கத்து யாவாதா தீக்குண்டில் எரிந்த புகை என்கிறார்கள். யாவாதா இரும்பாலைத் தொழிலாளர்கள் கரித்தாரை எரித்து வேண்டுமென்றே புகை எழுப்பினோம் என்று முதுமையில் சொல்லியிருக்கிறார்கள். வெறும் மேகமாகவும் இருக்கலாம். விமானத்தின் ஒரு டாங்கிலிருந்து எரிபொருளை எடுக்க முடியாத பழுது வேறு. நாகசாகிக்குத் திரும்பினார்கள்.

பூங்காவில் நாகசாகி மணியின் நகல் ஒன்று தொங்குகிறது. ஒவ்வோர் ஆகஸ்ட் 9-லும் கொக்குராக்காரர்கள் இங்கே கூடி நாகசாகிக்காக அஞ்சலி செய்கிறார்கள். தப்பித்த ஊர் அதைக் கொண்டாடாமல் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. 2022-ல் திறந்த சிறிய அமைதி அருங்காட்சியகமும் உண்டு. அமெரிக்காவை நோக்கிப் பறக்கவிட்ட காகித பலூன் குண்டுகள் இந்தத் தொழிற்சாலையிலும் தயாராயின, பள்ளிப் பெண்கள் வேலை செய்தார்கள் என்பதையும் மறைக்காமல் காட்டுகிறார்கள். நிலையத்தில் ஒரு கிண்ணம் உடோன் நூடுல்ஸ், மதிய வண்டி.

நவம்பர் 21, வியாழன். நாகசாகி

நேற்று மாலை வந்து சேர்ந்தேன். நடுவில் தாகேயோ ஒன்சென் நிலையத்தில் எதிர் நடைமேடைக்கு மாறி இன்னொரு வண்டி. 2022-ல் போட்ட புதுப்பாதை இன்னும் மற்றதோடு இணையவில்லை.

நாகசாகியை இரண்டு பள்ளத்தாக்குகள் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவே கொம்பிரா மலை. துறைமுகமும் கடைவீதியும் ஒரு பக்கம், உராகாமி மறுபக்கம். குறி வைத்தது கடைவீதிப் பக்கத்துக்கு. மேக இடைவெளியில் தெரிந்த இடத்தில் போட்டதால் சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி உராகாமியின் மேல், 500 மீட்டர் உயரத்தில், காலை 11:02-க்கு வெடித்தது.

இது புளூட்டோனியக் குண்டு, ஹிரோஷிமாவின் குழாய் முறை இதற்கு ஆகாது. உலையில் செய்யும் புளூட்டோனியத்தில் 240 வகை கலந்துவிடும். அது தானாகவே பிளந்து நியூட்ரான்களைச் சிந்துவதால், இரண்டு துண்டும் சேர்வதற்குள் வினை அவசரமாகத் தொடங்கிப் புஸ்ஸென்று போய்விடும். ஆகவே 6.2 கிலோ உருண்டையைச் சுற்றி வெடிமருந்து வில்லைகள் அடுக்கி, எல்லாப் பக்கமும் ஒரே கணத்தில் வெடிக்கச் செய்து உள்நோக்கி நசுக்கினார்கள். இது சந்தேகமான வேலை என்பதால்தான் ஜூலை 16-ல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் சோதனை. ஆற்றல் சுமார் 21 கிலோ டன், ஹிரோஷிமாவைவிட அதிகம். மலை குறுக்கே நின்றதால் மறுபக்கம் ஓரளவு பிழைத்தது. ஆண்டு இறுதிக்குள் இறந்தவர்கள் சுமார் 74,000.

உராகாமி ஜப்பானியக் கத்தோலிக்கர்களின் பழைய இடம். இருநூற்றைம்பது ஆண்டு மறைவாகத் தொழுதவர்கள், தடை நீங்கியபின் தாங்களே செங்கல் சுமந்து பேராலயம் கட்டினார்கள். அது மையத்திலிருந்து சுமார் 500 மீட்டரில் இருந்தது. சுமார் 12,000 பங்கு மக்களில் 8,500 பேர் போனார்கள். இடிபாடு 1958 வரை நின்றது. புதுக் கோயில் கட்டுவதற்காக அகற்றினார்கள். ஹிரோஷிமாவுக்கு ஒரு குவிமாடம் இருப்பதுபோல் நாகசாகிக்கு ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. அகற்றியது தவறு என்றே நினைக்கிறேன், ஆனால் அந்த இடத்தில் பூசை நடத்த வேண்டியவர்களிடம் அதை எப்படிச் சொல்வது?

அமைதிப் பூங்காவில் எல்லாரும் நீல நிறப் பெருஞ்சிலையைப் பார்த்துப் போகிறார்கள். காலடியில் தரையோடு தரையாக ஒரு சுவரின் அடிப்பகுதி. உராகாமி சிறைச்சாலை. கைதிகள், காவலர்கள், அவர்கள் குடும்பத்தார் என 134 பேர் இருந்தார்கள், ஒருவரும் மிஞ்சவில்லை. கைதிகளில் சீனர்களும் கொரியர்களும் உண்டு.

மிட்சுபிஷி கப்பல் வரைவாளர் யாமாகுச்சி சுதோமுவின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அலுவல் வேலையாக ஹிரோஷிமா போய், அங்கே காயம்பட்டு, ஊர் திரும்பி, ஆகஸ்ட் 9 காலையில் மேலதிகாரியிடம் ஒரே குண்டில் ஊர் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது இரண்டாவது வெடித்தது. அவருடைய கையேட்டில் நாகசாகி மட்டுமே இருந்தது. ஹிரோஷிமாவையும் எழுதிச் சேர்க்க 2009 ஆனது. அடுத்த ஜனவரியில், 93 வயதில், இறந்தார்.

நவம்பர் 22, வெள்ளி. யாகாமி

கடைசி நாளைச் சுற்றுலாப் புத்தகத்தில் இல்லாத ஓர் இடத்துக்கு ஒதுக்கினேன். நகரத்திலிருந்து கிழக்கே பஸ் மலையேறி, சுரங்கம் தாண்டி இறங்குகிறது. யாகாமி. மளிகைக் கடை, பல் மருத்துவர், பள்ளி, அடுக்கு வீடுகள். இன்று நாகசாகி நகராட்சிக்குள் இருக்கிறது. 1945-ல் தனிக் கிராமம், அதுதான் சிக்கல்.

நாகசாகியில் பாதிப்பு எல்லையை 1957-ல் அன்றைய நகராட்சி எல்லையை ஒட்டியே போட்டார்கள். அதனால் வடக்கு தெற்கில் சுமார் 12 கிலோமீட்டர் வரை நீளும் எல்லை கிழக்கு மேற்கில் 7 கிலோமீட்டரிலேயே நின்றுவிடுகிறது. கதிரியக்கத் துகளுக்கு வார்டு எண் தெரிந்திருந்தால் சரி. 12 கிலோமீட்டருக்குள் இருந்தும் கோட்டுக்கு வெளியே விழுந்தவர்களுக்கு அரசு வேறொரு பெயர் வைத்தது: அணுகுண்டை அனுபவித்தவர்கள். பாதிக்கப்பட்டவர்கள் அல்ல. அந்த அனுபவத்தால் மனம் நலிந்து, அதனால் வரும் நோய்களுக்கு உதவி உண்டு. உடம்பில் கதிர்வீச்சு பட்டதாக ஒப்புக்கொள்வது கிடையாது.

ஹிரோஷிமாவின் கறுப்பு மழைத் தீர்ப்பைக் காட்டி இவர்கள் கேட்டார்கள். இங்கே மழை பெய்ததற்கு ஆதாரம் போதாது என்றது அரசு. 2024 செப்டம்பர் 9-ல் நாகசாகி மாவட்ட நீதிமன்றம் 44 பேர் வழக்கில் 15 பேரை மட்டும் ஹிபாகுஷா என்று ஏற்றது. கோகா, யாகாமி, தோயிஷி என்ற மூன்று பழைய கிராமங்களில் இருந்தவர்கள் அந்த 15 பேர். அங்கே கறுப்பு மழை பெய்ததாகப் பழைய சாட்சியங்கள் இருந்தன. மற்ற 29 பேரின் ஊர்களில் சாம்பல் விழுந்ததாகச் சொன்னது போதவில்லை. ஆக நீதிமன்றமும் ஒரு கோடு போட்டிருக்கிறது, கொஞ்சம் தள்ளி.

இவர்கள் மேல் குண்டைப் போட்டவர்களுக்கு 3 கிலோமீட்டர் பிசகு ஒரு பொருட்டாக இல்லை. மூன்று மைலுக்கு மேல் விட்டமுள்ள நகரப் பகுதி வேண்டும் என்று முன்பே எழுதி வைத்துக்கொண்டார்கள். மருத்துவச் செலவு கேட்டு வந்தபோதுதான் மீட்டர் கணக்கில் துல்லியம் தேவைப்பட்டது.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கடையில் தேநீர் வாங்கி, கைப்பேசியில் மொழிபெயர்ப்பு வைத்துக்கொண்டு கடைக்கார அம்மையாரிடம் பேச முயன்றேன். அவர் பிறந்தது போருக்குப் பிறகு. மாமியார் அந்த நாளில் இங்கேதான் இருந்தாராம், வயலில். மழை பெய்ததா என்று கேட்டேன். ஏதோ எரிந்த காகிதங்கள் காற்றில் வந்து விழுந்ததைச் சொல்வார், மழையைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டதில்லை என்றார். பிறகு கல்லாவில் ஆள் வந்துவிட்டது.

தீர்ப்பு வந்து இரண்டு வாரத்தில், அப்போது பிரதமராக இருந்த கிஷிதா, கோட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் ஹிபாகுஷாவுக்கு இணையான மருத்துவ உதவி தருவதாக அறிவித்தார். அடுத்த மாதம் தொடங்குகிறது. கையேடு மட்டும் தரமாட்டார்கள். 15 பேருக்குக் கையேடு கொடுக்கச் சொன்ன தீர்ப்பை எதிர்த்து மாவட்ட நிர்வாகமும் நகராட்சியும் மேல்முறையீடு செய்திருக்கின்றன, தோற்ற 29 பேரும் தங்கள் பக்கம் செய்திருக்கிறார்கள். வழக்கு ஃபுகுவோக்கா உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. டிசம்பர் 10-ல் ஓஸ்லோவில் பரிசு வழங்கும்போது மேடையேறப் போகும் தனாகா தெருமியும் நாகசாகியில் 13 வயதில் தப்பியவர். அவர் கையேடு உள்ளவர். யாகாமிக்காரர்கள் தொலைக்காட்சியில் பார்ப்பார்கள்.